பாட வீடியோவுக்கு எந்தக் கேமரா, எந்த லென்ஸ்?

“பாட வீடியோ எடுக்கணும் சார், எந்தக் கேமரா வாங்கலாம்?” குறுவள மையக் கூட்டத்தின் தேநீர் இடைவேளையில் இந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. கேட்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு மாடலை மனத்தில் வைத்திருப்பார். கைப்பேசியில் அதன் படத்தையும் தவணைத் தொகையையும் காட்டுவார். நான் பதிலுக்கு மூன்று கேள்விகள் கேட்பேன். எந்த அறையில் நின்று எடுக்கப் போகிறீர்கள்? பிள்ளைகள் அதை எதில் பார்ப்பார்கள்? நீங்கள் பேசும்போது கேமராவுக்குப் பின்னால் யார் இருப்பார்கள்?

மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் சொல்லும் விடை ஒன்றுதான்: “யாரும் இல்லை சார், நானேதான்.” இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் பாதிச் செய்திகள் அந்த ஒரு விடையிலிருந்து வருபவை.

கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கியது. மணற்கேணி செயலி 2023இல் வந்தது. அரங்கில், நல்ல ஒளியில், ஒளிப்பதிவாளரை வைத்து எடுத்த பாடங்கள் நம் கையில் இருக்கின்றன. அப்படியிருக்க நாம் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டால், என் பள்ளியின் காரணத்தைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுதோறும் சில பிள்ளைகள் கரும்பு வெட்டுக்குப் போகும் பெற்றோருடன் சில வாரங்கள் வெளியூர் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது வகுப்பு இரண்டு பாடம் தாண்டியிருக்கும். அவர்களுக்குத் தேவைப்படுவது, நேற்று வகுப்பில் நான் போட்ட அதே கணக்கு, அதே பலகையில், அதே குரலில். அப்பாவின் கைப்பேசியில், இரவில், அன்றைய டேட்டா தீர்வதற்குள் பார்ப்பார்கள். பலகையில் எழுதியது அந்தத் திரையில் தெரியவில்லை என்றால் நாம் எத்தனை ஆயிரம் செலவழித்தும் பயனில்லை. கேமராவை நான் அந்தத் திரையில் தொடங்கித்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

ஆகவே முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் கரும்பலகை எட்டடி அகலம், அதாவது சுமார் 240 செ.மீ. முழுப் பலகையும் சட்டத்துக்குள் வருமாறு எடுத்து, பிள்ளை கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பார்த்தால் திரையின் அகலம் ஏறத்தாழ 15 செ.மீ. பதினாறில் ஒரு பங்கு. பலகையில் 5 செ.மீ. உயரத்தில் எழுதிய எண் திரையில் 3 மி.மீ. ஆகிவிடும். சிரமப்பட்டுப் படித்துவிடலாம். பிள்ளைகளில் பலர் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தே பார்க்கிறார்கள். அப்போது படத்தின் அகலம் 7 செ.மீ.தான். அதே எண் ஒன்றரை மில்லிமீட்டர். அடுக்குக்குறி எழுதியிருந்தால் வெறும் புள்ளி. இதை எந்தக் கேமராவும் சரிசெய்யாது. பலகையில் பாதியை மட்டும் பயன்படுத்தி, அந்தப் பாதியைச் சட்டம் முழுக்க நிரப்பினால் எழுத்து உடனே இரட்டிப்பாகும். நான் பலகையின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் மட்டும் எழுதுகிறேன்.

கைப்பேசியே போதுமா?

பெரும்பாலும் போதும். ஆனால் முன்பக்கக் கேமரா வேண்டாம். பல கைப்பேசிகளில் முன்கேமராவின் சென்சார் சிறியது, குவியமும் கைநீளத்துக்கு என்று நிலையாக வைக்கப்பட்டது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் முகமும் பலகையும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். சிலவற்றில் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிப் பதிவாகும். முகத்துக்கு அது பரவாயில்லை. பலகையில் எழுதிய ‘ஆ’ திரும்பி நின்றால் முதல் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? அமைப்புகளில் அதை நிறுத்தும் வசதி உண்டு, தேடி நிறுத்திவிடுங்கள்.

பின்கேமராவால் எடுத்தால் திரை நமக்குத் தெரியாது. அதற்கும் சாக்பீஸ்தான். முதலில் கைப்பேசியை முக்காலியில் வைத்து, சட்டத்தின் இடது எல்லையும் வலது எல்லையும் பலகையில் எங்கே விழுகின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தரையில் நாம் நிற்கும் இடத்துக்கு ஒரு கோடு. பிறகு திரையில் பலகை இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். இந்தப் பூட்டு மிக முக்கியம். கரும்பலகை சட்டத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்வதால், காட்சி இருட்டாக இருக்கிறது என்று கேமரா நினைத்து வெளிச்சத்தை ஏற்றும். நம் முகம் வெளுத்துப்போகும். நாம் நகர்ந்து பலகையை மறைத்தால் மீண்டும் இறக்கும். பாடம் முழுக்கப் படம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும்.

முக்காலியும் சட்டையில் குத்தும் மைக்கும் வாங்கிய பிறகு, பத்துப் பாடங்களாவது கைப்பேசியில் எடுத்துப் பாருங்கள் என்றுதான் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அதற்குப் பிறகும் கேமரா தேவை என்று தோன்றினால் அந்தத் தேவை என்ன என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கும்: மங்கிய அறை, ஆய்வகச் சோதனையை அருகில் காட்டுவது, ஒரு மணி நேரம் தொடர்ந்து பதிவது போன்றவை.

கேமராவில் நான் பார்க்கும் நான்கு

பெயரையும் மெகாபிக்சலையும் நான் பார்ப்பதில்லை. 1080 வரி வீடியோவின் ஒரு சட்டத்துக்கு இரண்டு மெகாபிக்சல்தான் தேவை. இன்று கடையில் கிடைக்கும் எந்தக் கேமராவிலும் அது தாராளமாக உண்டு.

முன்பக்கமாகத் திரும்பும் திரை வேண்டும். தனியாக எடுப்பவருக்கு இது இல்லாவிட்டால் தலை வெட்டுப்பட்டதா, பேட்டரி தீர்ந்ததா, பதிவே தொடங்கியதா என்று தெரியாது. சிவப்புப் புள்ளியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குவது பெரிய நிம்மதி.

முகத்தைத் தொடர்ந்து பிடிக்கும் தானியங்கிக் குவியம் வேண்டும். சென்சாரிலேயே கட்டம் கண்டறியும் புள்ளிகள் உள்ள கேமராக்கள் நாம் முன்னும் பின்னும் போனாலும் அலையாமல் பிடித்துக்கொள்ளும். கேனன் நிறுவனம் 2013இல் 70டி என்ற கேமராவில் இத்தகைய முறையைக் கொண்டுவந்தது. தனியாக வீடியோ எடுப்பவர்கள் அதை நாடிப் போனதற்கு அதுவும், திரும்பும் திரையும்தான் காரணம். பழைய முறையில் மாறுபாட்டை மட்டும் வைத்துக் குவியம் தேடும் கேமராக்கள் நடுநடுவே முன்னும் பின்னும் தடுமாறும். பழைய கேமராவை மலிவாக வாங்குபவர்கள் இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். சில கேமராக்களில் 1080இல் நன்றாக வேலை செய்யும் குவியம் 4கே-யில் வேலை செய்யாது. கேனன் 200டி மார்க் 2 அப்படிப்பட்டது. 4கே-யில் அதன் இரட்டைப் பிக்சல் குவியம் கிடையாது, படத்தின் ஓரங்களும் வெட்டுப்படும். பெட்டியில் ‘4கே’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கிவிடக் கூடாது.

மைக் செருகும் துளை மூன்றாவது. நான்காவது, பதிவு நேரம். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமரா என்று கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் சுங்கம் விதித்ததால் வைத்த வரம்பு அது. புதிய மாடல்கள் பலவற்றில் அந்த வரம்பு இல்லை. ஆனால் நம் ஊர் மே மாத வெயிலில் 4கே பதிவு சூடேறி நிற்பது தனிக்கதை.

இந்த நான்கும் சேர்ந்து இருப்பவை என்று பார்த்தால் சோனி இசட்வி-இ10, கேனன் ஆர்50 போன்றவை வரும். லென்ஸோடு சேர்த்தால் அரை லட்சத்தைத் தாண்டிவிடும். மாடல்கள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பெயர்களில் இதற்குமேல் நிற்கவில்லை.

லென்ஸ்: பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம்

என் நண்பர் ஒருவர் கேமராவோடு 50 மி.மீ. லென்ஸும் வாங்கினார். கடையில் எடுத்துக் காட்டிய படத்தில் பின்புறம் பஞ்சுபோல் மங்கியிருந்தது, அதில் மயங்கிவிட்டார். வகுப்பறைக்குக் கொண்டுவந்து பார்த்தால், எங்கே வைத்தாலும் அவர் முகமும் பலகையில் இரண்டு சொற்களும்தான் தெரிந்தன. லென்ஸில் குறை எதுவும் இல்லை, அது அந்த அறைக்குரியதில்லை. வாங்குவதற்கு முன்பே இதைத் தாளில் கண்டுபிடித்துவிடலாம்.

லென்ஸுக்கு முன்னால் ஒரு பெரிய முக்கோணம், பின்னால் சென்சார் வரை ஒரு சிறிய முக்கோணம். இரண்டும் வடிவொத்தவை. ஆகவே,

காட்சியின் அகலம் ÷ கேமராவிலிருந்து தொலைவு = சென்சாரின் அகலம் ÷ குவியத் தொலைவு.

மேலே சொன்ன வகைக் கேமராக்களின் சென்சார் ஏபிஎஸ்-சி எனப்படும் அளவு. சோனியில் அகலம் 23.5 மி.மீ., கேனனில் 22.3 மி.மீ. மனக்கணக்குக்காக 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மி.மீ. லென்ஸ் போட்டால் எவ்வளவு தொலைவோ அவ்வளவு அகலம் தெரியும். 50 மி.மீ. போட்டால் தொலைவில் ஏறக்குறைய பாதி. 16 மி.மீ. போட்டால் ஒன்றரை மடங்கு. இந்த மூன்றை நினைவில் வைத்தால் போதும்.

எட்டடிப் பலகை முழுவதும் தெரிய, 50 மி.மீ. லென்ஸ் என்றால் கேமரா ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இருபதடி அறையில் அது கடைசிப் பெஞ்சு. நடுவில் உள்ள பெஞ்சுகளையெல்லாம் ஒதுக்கியாக வேண்டும். 24 மி.மீ. என்றால் 2.4 மீட்டர். 16 மி.மீ. என்றால் 1.6 மீட்டர். பாதிப் பலகை மட்டும் போதும் என்றால் எல்லாமே பாதியாகும். கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸ் 16–50 என்றோ 18–45 என்றோ 18–55 என்றோ இருக்கும். நம் வகுப்பறைக்கு வேண்டிய அளவுகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. “கிட் லென்ஸ்தானே” என்று பலர் அதை ஏளனமாகப் பார்ப்பது எனக்குப் புரிவதில்லை.

உயரத்தையும் பாருங்கள். வீடியோச் சட்டம் 16க்கு 9 விகிதம். 2.4 மீட்டர் அகலம் தெரிந்தால் 1.35 மீட்டர் உயரம் தெரியும். நாலடிப் பலகை சரியாக அடங்கும். நாம் இடுப்புக்கு மேல் தெரிவோம். கால் தெரிய வேண்டும் என்று பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தால் எழுத்து சிறுத்துவிடும். நம் செருப்பைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அல்ஜீப்ரா கற்கப்போவதில்லை.

மிகவும் அகலமான லென்ஸை மிக அருகில் வைப்பதிலும் சிக்கல் உண்டு. கேமரா பலகையிலிருந்து 1.6 மீட்டரில் இருக்கிறது, நாம் பலகைக்கு அரை மீட்டர் முன்னால் நிற்கிறோம் என்றால் கேமராவுக்கும் நமக்கும் ஒரு மீட்டர் சொச்சம்தான். முகம் பெரிதாகி, பலகை பின்னால் போய், நீட்டிய கை ஓரத்தில் இழுபட்டுத் தெரியும். மூக்கு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் லென்ஸ் என்று நினைக்கிறோம். உண்மையில் காரணம் கிட்டத்தில் நிற்பது. அறை இடம் கொடுத்தால் இரண்டரை முதல் மூன்று மீட்டர் தள்ளி வைத்து ஜூமைத் திருகிக்கொள்வதே என் வழக்கம்.

களப்பயணம், பள்ளித் தோட்டம் என்று கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே பேசுபவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. கைநீளம் 60 செ.மீ. 24 மி.மீ. லென்ஸ் என்றால் 60 செ.மீ. அகலம்: முகமும் தோளும் அடங்கும், பின்னாலிருக்கும் வேப்பமரம் அடங்காது. நடுக்கம் குறைக்கும் வசதியைப் போட்டால் ஓரங்கள் இன்னும் வெட்டுப்படும். அவர்களுக்கு 10 அல்லது 11 மி.மீ.யில் தொடங்கும் அகல லென்ஸ் தேவை. இது எல்லாருக்கும் தேவைப்படும் செலவில்லை.

முழுச்சட்டக் கேமரா என்றால் சென்சார் அகலம் 36 மி.மீ.; இதே விடைகளை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ‘24 மி.மீ.’, ‘26 மி.மீ.’ என்று போடுவதும் இந்த முழுச்சட்டக் கணக்குப்படிதான். பத்தாம் வகுப்பில் வடிவொத்தமை நடத்தும்போது இதையே ஒரு செயல்பாடாகக் கொடுத்துப் பாருங்கள். அளவுநாடாவும் ஒரு கைப்பேசியும் இருந்தால் போதும்.

பஞ்சுப் பின்புலம் நமக்கு எதற்கு?

எஃப் 1.8 போன்ற பெரிய துளையுள்ள லென்ஸ், குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும், பின்புலத்தை மங்கச் செய்யும் என்பதால் விலை கூடுதல். நேர்காணலுக்கும் சமையல் வீடியோவுக்கும் அது அழகு. நமக்குப் பின்னால் இருப்பது பலகை. அது மங்கக் கூடாது. ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து ஒன்றரை மீட்டரில் குவித்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் வெறும் ஆறு சென்டிமீட்டர் அளவுதான். கண் தெளிவாக இருந்தால் காது மங்கும். அதே கேமராவில் 24 மி.மீ., எஃப் 5.6, 2.4 மீட்டரில் குவியம் என்று வைத்தால் ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து 4.5 மீட்டர் வரை எல்லாமே தெளிவு.

இதில் நமக்கு ஒரு நல்ல வழி கிடைக்கிறது. இவ்வளவு ஆழம் கிடைக்கும்போது தானியங்கிக் குவியமே வேண்டாம். நாம் நிற்கும் இடத்தில் ஒரு ஸ்டூலை வைத்து, அதன்மேல் பாடப்புத்தகத்தை நிறுத்தி, அட்டை எழுத்தில் குவித்து, குவியத்தைக் கைமுறைக்கு மாற்றிவிட்டால் பாடம் முடியும் வரை அது அசையாது. தானியங்கிக் குவியம் சரியில்லாத பழைய டிஎஸ்எல்ஆர் பள்ளியில் இருந்தால், இந்த முறையில் அதை இன்றைக்கும் பயன்படுத்தலாம்.

துளை சிறிதானால் வெளிச்சம் போதாதே என்பீர்கள். காலை வெயில் வரும் சன்னல் நம் வகுப்பறையின் மிகப் பெரிய விளக்கு. சன்னல் நமக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 1600 வரை போனாலும் இந்த அளவு சென்சார் தாங்கும். டியூப் லைட்டில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மின்னும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்றும், பதிவை நொடிக்கு 25 சட்டம் என்றும் வைத்தால் பட்டை மறைந்துவிடும். கேமராக்கள் பலவற்றில் பால், என்டிஎஸ்சி என்று ஒரு தெரிவு இருக்கும். நமக்குப் பால்.

லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை மைக்குக்கு மாற்றச் சொல்லி நான் வற்புறுத்துவது உண்டு. படம் கொஞ்சம் மங்கினால் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். கேட்கவில்லை என்றால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும் என்பது நாம் நடத்தும் பாடம்தான். மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் கேமராவின் மைக்கில் மின்விசிறிச் சத்தம் முந்தும். சட்டையில் குத்தும் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே வையுங்கள். சேலை கட்டும் ஆசிரியைகள் மடிப்பின் விளிம்பில் குத்துவதைவிட, பின் குத்திய இடத்துக்கு அருகில் அசையாத மடிப்பில் குத்துவது நல்லது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை உரசும் சத்தமும் தாலிச்சரடு மைக்கில் படும் சத்தமும் பாடம் முழுக்கக் கேட்கும். கேமராவில் காது ஒலிபெருக்கி செருகும் வசதி இல்லாவிட்டால், இரண்டு நிமிடம் பதிந்து போட்டுக் கேட்ட பிறகே பாடத்தைத் தொடங்க வேண்டும்.

கோப்பின் அளவுக்கும் ஒரு வார்த்தை. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் 4கே வீடியோ பத்து நிமிடத்துக்கு 7.5 ஜிபி. 50 மெகாபிட்டில் 1080 என்றால் 3.75 ஜிபி. பள்ளிக் கணினியில் தொகுக்க 1080தான் தாங்கும். தொகுத்து முடித்து 2 மெகாபிட்டுக்குச் சுருக்கினால் அந்தப் பத்து நிமிடம் 150 எம்பி ஆகும். பலகைப் பாடத்தில் அசைவு குறைவு என்பதால் அந்தச் சுருக்கத்திலும் எழுத்து தெளிவாகவே இருக்கிறது.

வாங்க முடிவு செய்தவர்கள் கடைக்குப் போகும் முன், ஊரில் உள்ள ஸ்டுடியோவில் அதே கேமராவையோ அதே வகையையோ ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். விடுமுறை நாளில், உங்கள் வகுப்பறையில், உங்கள் பலகைமுன், மாணவர் யாரும் சட்டத்தில் இல்லாமல், ஒரு முழுப் பாடத்தைப் பதியுங்கள். அதை 2 மெகாபிட்டுக்குச் சுருக்கி, பள்ளியிலேயே மிகச் சிறிய திரையுள்ள கைப்பேசிக்கு அனுப்பி, நிமிர்த்திப் பிடித்து, கடைசி வரியில் நீங்கள் எழுதிய எண்ணைப் பாடம் தெரியாத ஒருவரிடம் படிக்கச் சொல்லுங்கள். அவர் படித்துவிட்டால், அடுத்து அதே பாடத்தை உங்கள் கைப்பேசியிலும் எடுத்து அதே ஆளிடம் காட்டுங்கள். அதையும் படித்துவிட்டால் கேமராவுக்கு வைத்த பணம் இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கட்டும்.